மூன்றாம் மாடி விளக்கை அணைக்காத அம்மையாருக்கு

வெண்பாறைக் கூட்டுறவுச் சங்கத்தின் தலைமைக் கட்டடப் பொறியாளராக விளங்கி, இன்று பணி ஓய்வு பெறும் திருமதி கலாதேவி அம்மையார் அவர்களுக்கு, ஈப்போ தலைமையகப் பணியாளர்கள் அனைவரும் எழுந்து நின்று, கைகூப்பி, அன்பும் கொஞ்சம் அச்சமும் கலந்து வாசித்தளிக்கும் பாராட்டு மடல்.

வெயிலை வாசலிலேயே மறித்து நிறுத்திய வித்தகரே! மின்சாரத்தை மிச்சம் பிடிப்பதில் மிஞ்ச ஆளில்லாத மேதையே! காற்றைக் கட்டி இழுத்து வந்து கணக்காக வேலை வாங்கிய கெட்டிக்காரரே! ஆளில்லா அறையில் அநாவசியமாக எரியும் விளக்கைக் கண்டால் அடுத்த கம்பத்து ஊராருக்கும் கேட்கும்படி அதட்டிய எங்கள் அன்னையே! வணக்கம்.

சிலிபினில் பிறந்து, படித்து, பதவி உயர்ந்து, பிறந்த ஊரை விட்டுப் போக எத்தனையோ பெரிய நிறுவனங்கள் அழைத்தும் போகாமல், இச்சங்கத்தின் கூரையையும் குழாயையும் கம்பியையும் தம் குடும்பமாகவே எண்ணி இருபத்தேழு ஆண்டுகள் காத்து நின்ற தங்களைப் பிரியும் இந்நாளில், எங்கள் நெஞ்சம் கனக்கிறது, நாவு தழுதழுக்கிறது.

தங்கள் வலப்பக்கத்து நாற்காலி ஏன் காலியாக இருக்கிறது என்று விருந்தினர்கள் சிலர் ஏற்கெனவே கேட்டுவிட்டார்கள். மடல் முடிவதற்குள் சொல்லிவிடுகிறோம். அதுவரை அதில் யாரும் கைப்பையை வைத்துவிட வேண்டாம் என்று பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

அம்மையாரே! தங்களை முகத்துக்கு நேரே புகழ்ந்தால் தாங்கள் கைக்கடிகாரத்தைப் பார்க்கத் தொடங்கிவிடுவீர்கள் என்பது நாங்கள் அறியாததன்று. ஆகவே, சற்று நேரத்துக்குத் தங்களை முன்னிலையில் அழைக்காமல், கலாதேவி என்ற ஒருவரின் கதையை இந்த அவைக்குச் சொல்கிறோம். சொல்லப்போவதில் பாதி நாங்கள் கண்ணால் கண்டது; மீதி, தாங்களே பிற்பாடு தேநீர் மேசையில் தயங்கித் தயங்கிச் சொன்னது.

ஈப்போவிலிருந்து சுங்கை சிப்புட்டுக்குப் போகும் சாலையில், முன்பு ரப்பர்க் காடாக இருந்த மேட்டில் தலைமையகம் கட்டுவதென்று சங்கம் முடிவெடுத்தது. கோலாலம்பூரிலிருந்து வந்த கட்டடக் கலைஞர் மேசை மேல் ஒரு படத்தை விரித்தார். அடி முதல் முடி வரை செம்பு நிறத் தகடுகள், ஒன்றின் மேல் ஒன்றாகச் செதில் செதிலாக. இயக்குநர்கள் எல்லாரும் வாயைப் பிளந்தார்கள். கலாதேவி மட்டும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, "இதெல்லாம் அழகுக்கு மட்டுமா?" என்று கேட்டார். கலைஞர் பெருமையாகத் தலையாட்டினார்.

"சும்மா நிக்கிற தகடு எனக்கு வேணாம் லா. நிக்குதுன்னா வேலை செய்யணும்," என்றார் கலாதேவி.

அந்த ஒரு வார்த்தைக்காகக் கலைஞர் ஒரு வருடம் அவரோடு மல்லுக்கு நின்று கடைசியில் தோற்றார். இன்று ஒவ்வொரு தகடும் வேலை செய்கிறது. காலையில் கிழக்குப் பக்கச் செதில்கள் மூடிக்கொள்ளும், மாலையில் மேற்குப் பக்கம். மழை மேகத்தைக் கண்டால் மொத்தமும் இறுகிவிடும். பொழுது சாயும்போது உள்ளே தேங்கிய சூட்டை வெளியே விட எல்லாம் ஒரே நேரத்தில் திறக்கும். அப்போது வரும் சத்தம், படுத்திருக்கும் பெரிய மிருகம் ஒன்று மூச்சு விடுவதைப் போலவே இருக்கும். சாலையில் போகிற மோட்டார் சைக்கிள்காரர்கள் வேகத்தைக் குறைத்துப் பார்த்துவிட்டுப் போவார்கள். ஊரில் நம் கட்டடத்துக்கு எறும்புத்தின்னி என்றே பெயர்.

உள்ளே அதைவிட விசித்திரம். குளிர்ந்த நீர் கூரைத் தளத்துக்குள்ளேயே ஓடுவதால் ஏர்கோன் இரைச்சல் கிடையாது. பக்கத்து மேசைக்காரர் எச்சில் விழுங்குவதுகூடக் காதில் விழும். ஒவ்வோர் இருக்கைக்கு மேலும் ஒரு கண் இருக்கிறது. உடம்புச் சூட்டைக் கண்டால் அது விளக்கைப் போட்டுக் குளிர்காற்றையும் விடும். ஆள் எழுந்து போனால் அணைத்துவிடும். எந்த மாடியில் எத்தனை பேர் என்பது காவல் அறைத் திரையில் தெரியும். கலாதேவி அந்தக் கண்களைப் பற்றிச் சொந்தப் பிள்ளைகளைப் பற்றிப் பேசுவது போலத்தான் பேசுவார். "மனுஷன் பொய் சொல்லுவான். என் கண்ணு பொய் சொல்லாது," என்பார்.

கண் முதன்முதலில் வேண்டாததைச் சொன்னது திறப்பு விழா முடிந்த மறுவாரம். எல்லாரும் வீட்டுக்குப் போன பிறகும் மூன்றாம் மாடியில் ஒருவர் இருப்பதாகத் திரை காட்டியது. காவலர் பத்துமலை அண்ணன் மேலே போய்ப் பார்த்தார். கிழக்கு மூலையில், சன்னலோரம், யாருக்கும் ஒதுக்காத ஒரு மேசை. அதன் நாற்காலிக்கு மேல் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. நாற்காலியில் யாரும் இல்லை.

கலாதேவி கண்ணை மாற்றினார். அப்போதும் எரிந்தது. நாற்காலியை மாற்றினார், எரிந்தது. வெயில் பட்ட சூடோ, கம்பிக் கோளாறோ, பல்லியோ என்று ஒவ்வொன்றாகப் பார்த்துத் தள்ளினார். வெப்பமானியை நாற்காலி மேல் வைத்துப் பார்த்தபோது, மற்ற நாற்காலிகளுக்கும் அதற்கும் எந்த வித்தியாசமும் இல்லை. ஆனால் குனிந்து அதை எடுத்தபோது, எழுதிக்கொண்டிருக்கும்போது யாரோ தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தால் வருமே, அந்த எரிச்சல் தமக்கு வந்ததாகப் பிற்பாடு சொன்னார்.

முதல் சில வாரங்கள் மூன்றாம் மாடிப் பெண்கள் கழிவறைக்குக்கூடக் கூட்டமாகத்தான் போனார்கள். பிறகு பழகிவிட்டது. மனிதன் எதற்குத்தான் பழகமாட்டான்! யார் ஆரம்பித்து வைத்தார்களோ, மாலையில் கிளம்பும்போது அந்த மூலையைப் பார்த்து, "வாரேன்க்கா," என்று சொல்லிவிட்டுப் போவது வழக்கமாயிற்று. அது பெண் என்று எப்படித் தெரியும் என்று யாரும் கேட்கவில்லை. பத்துமலை அண்ணனும் மாலையில் திரையைப் பார்ப்பார். மூன்றாம் மாடியில் ஒன்று என்று இருந்தால், "சரி, அக்கா மட்டுந்தான்," என்று சொல்லிவிட்டுக் கதவைப் பூட்டுவார். அந்தப் பழக்கம் எங்களை எங்கே கொண்டுபோய் நிறுத்தும் என்று அப்போது தெரியாது. எங்கள் எல்லாரிலும் அந்த மூலைக்கு ஒருநாளும் விடை சொல்லாதவர் கலாதேவி ஒருவர்தான். "நாற்காலிக்கு யாரும் குட் பை சொல்லுவாங்களா?" என்று முறைத்துவிட்டுப் போய்விடுவார்.

பத்துமலை அண்ணனைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். அடித்தளம் தோண்டியபோது மண்ணுக்குள்ளிருந்து ஒரு தண்டவாளத் துண்டு கிடைத்தது. இங்கே ரப்பர்த் தோட்டம் இருந்த காலத்தில் விடியுமுன் அதை அடித்துத்தான் ஆட்களைக் கூப்பிட்டு வரிசையில் நிறுத்தித் தலை எண்ணுவார்களாம். அதற்குப் பெயர் பெரட்டு. பெரட்டுக் களம் இருந்த இடத்தில்தான் இப்போது நம் கார் நிறுத்துமிடம் இருக்கிறது. தீப்பிடித்தால் எல்லாரும் வந்து கூட வேண்டிய இடமும் அதுவே. மின்சாரச் சங்கு ஊதினால், "யார் காரோ கத்துது," என்று நாம் அசையாமல் இருப்பதைப் பார்த்துச் சலித்துப்போன பத்துமலை அண்ணன், அந்தத் துண்டை வாசலில் தொங்கவிட்டுச் சுத்தியலால் அடிக்க ஆரம்பித்தார். அதன் சத்தம் முதுகெலும்பில் விழும். கேட்டால் எழுந்து வராமல் இருக்க முடியாது.

மூலை நாற்காலியின் சன்னல் அந்தக் களத்தைப் பார்த்தபடிதான் இருக்கிறது.

போன ஆண்டு, பசுமைக் கட்டடங்களுக்குத் தங்கத் தகடு வழங்கும் குழு ஒன்று நம் கட்டடத்தைப் பார்க்க வருவதாகச் செய்தி வந்தது. கலாதேவிக்குத் தலைகால் புரியவில்லை. ஓய்வு பெறுவதற்கு முன் அந்தத் தகட்டை வாசலில் பதித்துவிட வேண்டும் என்பது ஒன்றுதான் அவர் தமக்கென்று கேட்ட ஆசை. மற்ற எல்லாவற்றிலும் கட்டடம் தேறிவிட்டது. ஒரே ஒரு விதிதான் இடித்தது: ஆளில்லாத இடத்தில் ஒரு விளக்குகூட எரியக்கூடாது.

"வெள்ளிக்கிழமை அந்த மூலைக் கண்ணுக்குக் கறுப்பு டேப் ஒட்டப்போறேன்," என்று அறிவித்தார். கணக்குப் பிரிவு ஷாமினி மட்டும், "பாவம் மேடம், இருட்டுல உக்காந்திருப்பாங்களே," என்றாள். ஷாமினிக்கு வாய் கொஞ்சம் நீளம். கலாதேவி திரும்பிப் பார்த்த பார்வையில் அவள் குனிந்து தட்டச்சு செய்ய ஆரம்பித்துவிட்டாள்.

அந்த வெள்ளிக்கிழமை பிற்பகல் மலைப் பக்கமிருந்து மேகம் கறுத்து வந்தது. செதில்கள் எல்லாம் இறுக மூடிக்கொண்டன. கலாதேவி ஏணியைப் போட்டு ஏறி, டேப்பைக் கிழித்துக் கையில் வைத்துக்கொண்டார். கீழே காலி நாற்காலி, அதன் மேல் வட்டமாக வெளிச்சம். ஒட்டிவிட்டு இறங்க வேண்டியதுதான் பாக்கி. ஆனால் கை போகவில்லை. வீட்டில் யாராவது படித்துக்கொண்டிருக்கும்போது கேட்காமல் விளக்கை அணைக்கப் போவது போல இருந்தது. தம் மேலேயே கோபம் வந்து கையை நீட்டினார்.

தண்டவாளம் ஒலித்தது.

மூன்றாம் மாடியின் மறுகோடியில் மின்கல அறையிலிருந்து புகை வந்துகொண்டிருந்தது. எல்லாரும் படிக்கட்டில் இறங்கிக் களத்துக்கு ஓடினோம். மாடிக்கு ஒரு வரிசையாக நின்றோம். பத்துமலை அண்ணன் விரலை நீட்டித் தலைகளை எண்ணிக்கொண்டு வந்தார். அன்று உள்ளே வந்தவர்கள் எத்தனை பேரோ அத்தனை பேரும் வெளியே நின்றார்கள். பிறகு கையிலிருந்த சிறு திரையைப் பார்த்தார்.

"எல்லாம் வந்தாச்சு மேடம். கணக்கு சரி."

"திரையில?"

"மூணாம் மாடியில ஒண்ணு." பத்துமலை அண்ணன் சிரித்தார். "அது எப்பவும் உள்ளதுதானே லா. நம்ம அக்கா."

"ஐயோ, அக்காவ விட்டுட்டு வந்துட்டோமே!" என்று வரிசையிலிருந்து யாரோ சொன்னார்கள். நாங்கள் சிரித்தோம். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றும் எங்களுக்கு வெட்கமாக இருக்கிறது.

கலாதேவி சிரிக்கவில்லை, நிமிர்ந்து பார்த்தார். புகையைக் கண்டால் செதில்கள் மழையென்றும் பாராமல் திறக்க வேண்டும் என்று அமைத்தவர் அவர்தான். அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அத்தனை செதில்களும் ஒரு பெருமூச்சோடு விரிந்தன. சன்னல்கள் வரிசையாகத் தெரிந்தன. மூன்றாம் மாடிக் கிழக்கு மூலை இருண்டு கிடந்தது. அணைந்து நாங்கள் ஒருமுறைகூடப் பார்த்திராத விளக்கு எரியவில்லை. மறுகோடியில், மின்கல அறைக்குப் பக்கத்திலிருந்த கோப்பறையின் சின்னச் சன்னலில் வெளிச்சம் இருந்தது.

அவர் பேயை நம்பியவர் அல்லர். தம் கண்ணை நம்பியவர். மூலையில் விளக்கு இல்லை என்றால் அங்கே ஆள் இல்லை. ஆனால் திரை ஒருவர் இருக்கிறார் என்கிறது.

"அக்கா மேல இல்ல!" என்று கத்தினார். "மூலை இருட்டா கிடக்கு, பாருங்க! உள்ள இருக்கிறது நம்ம ஆளு!"

"கணக்கு சரியா இருக்கு மேடம், யாரும் விட்டுப்..."

பத்துமலை அண்ணன் முடிப்பதற்குள் அவர் வாசலைத் தாண்டிவிட்டார். மூட்டுவலிக்காரர், மின்தூக்கி இல்லாமல் ஒரு மாடி ஏற யோசிப்பவர், புடவைத் தலைப்பை மூக்கில் அழுத்திக்கொண்டு ஏறினார். மின்பிரிவுப் பவித்ரன் பின்னாலேயே ஓடினான். கோப்பறைக் கதவைத் தள்ளியபோது அது முழுதாகத் திறக்கவில்லை. கதவுக்குப் பின்னால், கோப்புகளுக்கு நடுவே, ஷாமினி மயங்கிக் கிடந்தாள். அவள் தலைக்கு மேல் மட்டும் ஒரு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. கண் பொய் சொல்லவில்லை.

இருவருமாகத் தூக்கி வந்து களத்தில் கிடத்தினார்கள். ஷாமினி இருமினாள், பிறகு அழுதாள். பிறகுதான் எங்களுக்கு மூச்சு வந்தது. பொம்பா தீயணைப்பு வண்டியின் சங்கொலி தூரத்தில் கேட்டது. தூறல் விழத் தொடங்கியது.

"பத்துமலை அண்ணே," என்றார் கலாதேவி, மூச்சு வாங்க. "மறுபடி எண்ணுங்க."

அவர் எண்ணினார். முகம் மாறியது. முதலிலிருந்து மீண்டும் எண்ணினார்.

"ஒண்ணு கூடுது, மேடம்," என்றார். அவர் குரல் அப்படி உடைந்து நாங்கள் அதுவரை கேட்டதில்லை.

முன்பு கணக்கு எப்படிச் சரியாக வந்தது என்பது அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது. ஷாமினி உள்ளே கிடந்தபோது, அவளுக்குப் பதிலாக ஒரு தலை வரிசையில் நின்றிருக்கிறது. பத்துமலை அண்ணன் அதையும் விரல் நீட்டி எண்ணியிருக்கிறார். எந்த முகம் என்று கேட்டால் அவருக்கு நினைவில்லை.

கலாதேவி மூன்றாம் மாடி வரிசையைப் பார்த்தார். அதில் நின்ற எங்கள் தினேஸ்வரிக்கும் அடுத்தவருக்கும் நடுவில் ஓர் ஆள் நிற்கும் அளவுக்கு இடம் விட்டிருந்தது. யார் விட்டது, ஏன் விட்டது என்று அவர்கள் இருவருக்குமே தெரியவில்லை. களம் முழுவதும் சிமெண்டு நனைந்து கறுத்திருந்தது. அந்த இடைவெளியில் மட்டும், இரண்டு பாத அளவுக்கு, பக்கம் பக்கமாக, தரை வெள்ளையாகக் காய்ந்து கிடந்தது. தூறல் அங்கேயும்தான் விழுந்துகொண்டிருந்தது.

யாரும் நகரவில்லை. தினேஸ்வரி அழக்கூட இல்லை. கண்ணை மூடிக்கொண்டு நின்றாள். பத்துமலை அண்ணன்தான் மெல்ல நடந்து போய், சுத்தியலை எடுத்து, தண்டவாளத்தை ஒரே ஒரு முறை அடித்தார். பெரட்டு முடிந்து ஆட்கள் கலைந்து போக அப்படித்தான் அடிப்பார்கள் என்று அவருடைய அம்மா சொல்லக் கேட்டிருக்கிறாராம்.

ஒலி அடங்கியது. காய்ந்திருந்த இடத்தில் முதல் துளி விழுந்தது. பிறகு இன்னொன்று. கலாதேவி பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்த இரண்டு பாதங்களும் புள்ளி புள்ளியாக நனைந்து, தரையோடு தரையாகிவிட்டன. நிமிர்ந்து பார்த்தபோது மூன்றாம் மாடி மூலையில் விளக்கு எரிந்தது.

தீ அந்த அறையோடு அடங்கியது. தகட்டுக் குழு அடுத்த மாதம் வந்தது. கறுப்பு டேப் கலாதேவியின் மேசை இழுப்பறையில்தான் இருந்தது. ஒட்ட வேண்டும் என்று நினைத்திருந்தால் ஒட்டியிருக்கலாம்; யாரும் குறை சொல்லியிருக்க மாட்டோம். குழுத் தலைவர் மூலைக்கு வந்தார். எரியும் விளக்கைப் பார்த்தார். காலி நாற்காலியைப் பார்த்தார்.

"இங்க யாரும் இல்லையே?" என்றார்.

வாசலில் பதிக்க வேண்டிய தங்கம், இருபத்தேழு ஆண்டு உழைப்பு, எல்லாம் அந்த ஒரு கேள்விக்கு முன்னால் நின்றன. கலாதேவி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"ஆள் இருக்காங்க," என்றார்.

குழுத் தலைவர் அவர் முகத்தைப் பார்த்துவிட்டு எதையோ குறித்துக்கொண்டு அடுத்த மாடிக்குப் போய்விட்டார். எங்களுக்குக் கிடைத்தது வெள்ளித் தகடு. அது வாசலில் இருக்கிறது. வந்தவர்கள் போகும்போது பாருங்கள்.

அம்மையாரே! கதை முடிந்தது, தங்களிடமே திரும்பி வந்துவிட்டோம். ஊரார் கண்ணுக்கு நம் கட்டடம் செம்பு நிற அதிசயம். எங்களுக்கோ அது, ஒருவர் உள்ளே இருந்தால் இருக்கிறார் என்று ஒப்புக்கொள்ளும் கட்டடம். அந்த நேர்மையை அதற்குக் கற்றுக்கொடுத்தவர் தாங்கள். ஷாமினி இன்று மேடையோரம் நின்று மாலையைக் கையில் வைத்துக்கொண்டு அழுதுகொண்டிருக்கிறாள் என்றால், அழுவதற்கு அவள் இருக்கிறாள் என்றால், அதற்கும் காரணம் தாங்களே. இதற்கு நன்றி சொல்ல எங்களுக்குத் தமிழ் போதவில்லை.

இன்றைய விழாவுக்கு நம்மைக் கூப்பிட, பத்துமலை அண்ணன் தண்டவாளத்தைத்தான் அடித்தார். எல்லாரும் இறங்கி வந்து அமர்ந்தோம். மடலைத் தொடங்குமுன் அவர் திரையைப் பார்த்து எங்களிடம் வந்து காதோடு சொன்னார்: மூன்றாம் மாடியில் ஒருவரும் இல்லை, இந்த அரங்கில், அமர்ந்திருப்பவர்களைவிட ஒன்று கூடுதல். விருந்தினர்கள் அருள்கூர்ந்து அஞ்ச வேண்டாம். அம்மையாரின் வலப்பக்கத்து நாற்காலிக்கு மேல் விளக்கு எரிவதை நிமிர்ந்து பார்த்துவிட்டு, பார்க்காதது போல இருந்துவிடுங்கள். நாங்களும் அப்படித்தான் இருக்கிறோம்.

மூட்டுவலி குறைந்து, பார்வை தெளிந்து, பிள்ளைகள் பேரன் பேத்திகளோடு, சிலிபின் வீட்டின் வேப்பமர நிழலில், யாரையும் அதட்ட வேண்டிய அவசியமே இல்லாமல் தாங்கள் நீடூழி வாழ வேண்டும். அதட்டாமல் இருக்க முடியாவிட்டால், எங்களைத் தொலைபேசியில் அழைத்து அதட்டுங்கள், காத்திருப்போம்.

ஒரே ஒரு வேண்டுகோள். இன்னும் சற்று நேரத்தில் பத்துமலை அண்ணன் கலைந்து போவதற்கான மணியை அடிப்பார். அதற்குப் பிறகு யார் எங்கே போவார்கள், அந்த மூலையில் நாளை விளக்கு எரியுமா எரியாதா என்பது எங்களுக்குத் தெரியாது. ஆகவே, மணி அடிக்குமுன், வலப்பக்கம் திரும்பி, "வாரேன்க்கா," என்று ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். எங்கள் எல்லாரிலும் அதைச் சொல்லாதவர் தாங்கள் ஒருவர்தான். அக்கா எழுந்து வந்திருப்பது அதற்காகத்தான் என்று எங்களுக்குத் தோன்றுகிறது.

தங்கள் அன்பை என்றும் மறவாத,
வெண்பாறைக் கூட்டுறவுச் சங்கத் தலைமையகப் பணியாளர்கள்,
எல்லா மாடியினரும்,
ஈப்போ.